நெற்றியால் முட்டித் திறக்கும் ஈ

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பின்வாசலில் ஒரு கொய்யா மரமாவது நிற்கும். பழம் கனிந்து விழும். பிளந்தால் உள்ளே புழு நெளியும். அப்படிப்பட்ட பழங்களைப் பலர் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டிப் போட்டு, மண்ணைக் காலால் தள்ளி மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதே மரத்தை அதே ஈ மொய்க்கும். எங்கிருந்துதான் வருகிறதோ என்று பக்கத்துச் செம்பனைக் காட்டைப் பழிப்பதும் உண்டு. பெரும்பாலும் அது வந்தது அந்தக் குழியிலிருந்துதான். மண்ணுக்குள் உருவான ஈ மண்ணைத் துளைத்துக்கொண்டே மேலே ஏறிவிட்டது.

எதைக்கொண்டு துளைத்தது என்பதுதான் கேள்வி. வண்டுக்கு இருப்பதுபோல் கடித்துக் குடையும் தாடை ஈக்கு இல்லை; அதன் வாய் நக்கவும் உறிஞ்சவும் ஆனது. கால்கள் மெலிந்தவை. இறக்கையோ அந்த நேரத்தில் பிழிந்துபோட்ட துணி மாதிரி மடங்கிக் கிடக்கும். உடல் முழுக்க மெத்தென்று இருக்கும். அந்த நிலையில் அது தன்னை மூடிய கூட்டை உடைப்பதும் மண்ணை விலக்குவதும் தன் இரத்தத்தால். வயிற்றுத் தசைகள் இரத்தத்தை அழுத்துகின்றன. நெற்றியில் ஒரு பை புடைக்கிறது. அந்தப் பை முட்டித் திறக்கிறது.

கூடு என்பது பழைய சட்டை

மரத்தடி மண்ணை மேலாகக் கிளறினால், 2 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குள், பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு பீப்பாய் மாதிரி ஒன்று அகப்படும். கொய்யாவில் புழு வைக்கும் பழ ஈயின் கூடு ஏறத்தாழ 5 மி.மீ. நீளம், வீட்டு ஈயின் கூடு 6 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். பட்டுப்புழுவைப் போல ஈப்புழு நூல் நூற்றுக் கூடு கட்டுவதில்லை. கடைசிப் பருவத்துத் தோலை உரித்துப் போடாமல் அதையே கூடாக்கிக்கொள்கிறது. முன்பக்க வளையங்களை உள்ளே இழுத்து, உடலைக் குறுக்கிப் பீப்பாய் வடிவத்துக்கு வரும். பிறகு அந்தத் தோல் சில மணி நேரத்தில் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, செம்பழுப்பாகி, நகம்போல் இறுகிவிடும்.

இப்படி இறுகச் சொல்வது ஒரு ஹார்மோன் என்று காட்டியவர் காட்ஃப்ரைட் ஃப்ரேங்கெல். 1935இல் அவர் நீல ஈயின் புழுக்களை நூலால் இறுக்கிக் கட்டிப் பார்த்தார். சரியான நேரத்தில் கட்டியபோது, கட்டுக்கு முன்னால் இருந்த பாதி மட்டும் கூடாக இறுகியது. பின்பாதி வெள்ளைப் புழுவாகவே கிடந்தது. உத்தரவு முன்பக்கத்திலிருந்து இரத்தத்தின் வழியாகப் போகிறது என்பதற்கு அதுவே சான்று.

இந்தக் கூட்டின் முன்முனையில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மெலிந்த கோடு சுற்றி ஓடுகிறது. இரு பக்கவாட்டிலும் அப்படியே. மற்ற இடமெல்லாம் கெட்டி. அந்தக் கோட்டில் மட்டும் பலம் குறைவு. பால் டின் மூடிபோலக் கூடு திறக்கப்போவது அங்கேதான். ஈ எந்தப் பக்கமாகவோ உடைத்துக்கொண்டு வருவதாக நினைக்க வேண்டாம். உடைய வேண்டிய இடம் புழுப் பருவத்திலேயே தீர்மானமாகிவிட்டது.

கூட்டுக்குள் புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து, காலும் இறக்கையும் கண்ணும் புதிதாக உருவாகின்றன. எல்லாத் தசையும் கரைவதில்லை. புழு ஊர்ந்து திரிந்தபோது வயிற்றில் வேலை செய்த தசைகளில் சில மட்டும் தப்பி நிற்கும். அவற்றுக்கு இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது.

முதல் வேலை கூட்டுக்குள்ளேயே நடக்கிறது. உருவாகிவரும் ஈயின் தலை ஆரம்பத்தில் மார்புக்குள் புதைந்திருக்கும். வயிறு ஒருமுறை பலமாக இறுகி உடல் திரவத்தை முன்னே தள்ள, தலை வெளியே பிதுங்கி வந்து தன் இடத்தில் உட்காருகிறது. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் டிரோசோஃபிலா என்ற சின்ன ஈயில், கூடு உருவாகி ஏறக்குறைய அரை நாளில் இது நடந்து முடியும். இரண்டாவது வேலைதான் வெளியே வருவது.

ஒரு ரப்பர் கையுறை போதும்

தசைக்குச் சுருங்கத்தான் தெரியும். அதாவது இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. நம் கையும் எதையாவது தள்ளும்போது, எலும்பை ஒரு நெம்புகோலாக வைத்துத் தசை இழுக்கத்தான் செய்கிறது. புதிதாக உருவான ஈக்கு எலும்பும் இல்லை, இறுகிய மேல்தோலும் இன்னும் இல்லை. அப்படியானால் இழுப்பைத் தள்ளலாக மாற்ற வேறு ஏதாவது வேண்டும். அந்த வேலையை உடலுக்குள் இருக்கும் திரவம் செய்கிறது. பூச்சியின் இரத்தம் நமக்கு இருப்பதுபோல் இரத்தக் குழாய்களுக்குள் ஓடுவதில்லை. உடல் குழி முழுக்க நிரம்பி நிற்கிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஓரிடத்தில் பிழிந்தால் இன்னோர் இடத்தில் புடைத்தாக வேண்டும். முறுக்கு உரலில் கை அழுத்துவது மேலே, மாவு வருவது கீழே, அதே கணக்கு.

கையால் செய்து பார்த்தால் இது சட்டென்று புரியும். மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை உள்வெளியாகத் திருப்புங்கள். நடுவிரலின் நுனியைக் கிள்ளி, அங்கே ஒரு நீள நூலைக் கட்டுங்கள். கையுறையை மறுபடி நேராகத் திருப்பினால் முடிச்சு உள்ளே போய்விடும். நூலின் மறுமுனை மணிக்கட்டு வாய் வழியாக வெளியே தொங்கும். உள்ளே கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நூலை இழுத்து நடுவிரலை உள்ளே மடங்க வைத்து, மணிக்கட்டு வாயை ஒரு கையால் கெட்டியாகப் பிடியுங்கள். இப்போது நூலைத் தளர்த்தி, உள்ளங்கைப் பகுதியைப் பிழியுங்கள். மடங்கியிருந்த விரல் வெளியே துள்ளிப் புடைக்கும். பிழிந்த கையைத் தளர்த்தி நூலை இழுத்தால் மறுபடி உள்ளே போகும்.

பிழியும் கைதான் ஈயின் வயிற்றுத் தசை. புடைக்கும் விரல் நெற்றிப்பை. அறிவியலில் அதற்கு டிலைனம் என்று பெயர். நூல், தலைக்குள் இருக்கும் இழுதசை. இரண்டும் மாறி மாறி வேலை செய்தால்தான் பை உள்ளேயும் வெளியேயும் போகும். நூல் இல்லாத கையுறையைப் பிழிந்தால் விரல் ஒருமுறை புடைத்து அப்படியே நிற்குமே தவிர, திரும்பத் திரும்ப முட்டாது.

செய்யும்போது மற்ற நான்கு விரல்களும் சேர்ந்து புடைத்து எரிச்சலூட்டும். அவற்றின் அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுங்கள். அழுத்தம் எங்கும் ஒரே அளவுதான் பரவுகிறது. எந்த இடம் அதிகம் இளகிக் கொடுக்கிறதோ அது அதிகம் புடைக்கும். ஈயின் உடலில் அப்படி இளகிக் கொடுக்கவே செய்யப்பட்ட இடம், கண்களுக்கு நடுவே, உணர்கொம்புகளுக்குச் சற்று மேலே இருக்கும் அந்தப் பை. அதன் மேற்பரப்பில் பொடிப் பொடியான செதில்கள் இருப்பதால் அது வழுக்காமல் பற்றும்.

வெளியே வரும் வரிசை

நாள் நெருங்கும்போது கூட்டுக்குள் இருப்பது முழு ஈ. கண்ணின் நிறம், உடல் மயிர், கால் எல்லாம் ஆயத்தம். மூச்சுக்குழாய்களில் காற்று நிறைகிறது. ஈயைச் சுற்றியிருந்த உரிதிரவம் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மூளையிலும் மூச்சுக்குழாயோரச் சுரப்பிகளிலும் இருந்து கிளம்பும் ஹார்மோன்கள் ஒன்றையொன்று தூண்ட, நரம்பு மண்டலத்தில் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஒரு நடன அசைவு தொடங்குகிறது. ஈ இதைக் கற்றுக்கொள்வதில்லை; வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஆடப்போகிறது.

வயிற்று வளையங்கள் பின்னிருந்து முன்னாக ஒன்றன்பின் ஒன்றாக இறுகுகின்றன. இரத்தம் தலைக்குப் பாய்கிறது. நெற்றிப்பை பிதுங்கி மூடியை முட்டுகிறது. இழுதசை பையை உள்ளே இழுக்கிறது. மறுபடி அழுத்தம், மறுபடி முட்டல். சில முட்டல்களில் மெலிந்த கோடு விட்டுக்கொடுத்து மூடி பிளக்கிறது. சிலவற்றில் மூடி இரண்டு ஓடுகளாகக் கழன்று விழும். சிலவற்றில் ஒரு ஓரத்தில் ஒட்டித் தொங்கும்.

திறந்ததும் அசைவின் நோக்கம் மாறுகிறது. இப்போது உடலை முன்னே நகர்த்த வேண்டும். அலைபோல இறுகும் வயிறு உடலைக் கூட்டுச் சுவரில் ஊன்றி ஊன்றி முன்னே தள்ள, தலை, மார்பு, முன்கால்கள் என்று வெளியே வரும். கால்கள் வெளியே வந்தவுடன் தரையைப் பற்றி இழுக்கத் தொடங்கிவிடும். கடைசியாக வயிறு வழுக்கிக்கொண்டு வரும். மெல்லிய உள்தோல் கூட்டிலேயே தங்கிவிடும். தடை இல்லாவிட்டால் மூடி திறந்ததிலிருந்து முழுதாக வெளிவரச் சில நிமிடங்கள் போதும்.

தடை இருந்தால்தான் ஈயின் உண்மையான திறமை தெரியும். மண்ணுக்குள் இருக்கும் ஈ இரண்டு விதமான அசைவுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. எதிரே தடை உணர்ந்தால், உடலை இடத்தில் ஊன்றிக்கொண்டு நெற்றிப்பையை முழுதாக ஊதித் தடையைத் தள்ளுகிறது. மண் துகள்கள் பக்கவாட்டில் ஒதுங்குகின்றன. பை உள்ளே போனதும் முன்னால் ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். உடனே அடுத்த அசைவு: வயிற்று அலைகளும் கால்களும் உடலை அந்த இடைவெளிக்குள் நகர்த்தும். தள்ளு, நகர், தள்ளு, நகர். உடல் மெத்தென்று இருப்பது இங்கே பலவீனம் இல்லை. அதனால்தான் தன் அகலத்தைவிடக் குறுகிய இடுக்கில்கூட உடலைப் பிதுக்கிக்கொண்டு போக முடிகிறது. இறக்கை விரியாமல் மடங்கிக் கிடப்பதும் அதே காரணத்துக்காகத்தான். விரிந்த இறக்கையோடு மண்ணுக்குள் ஊர்ந்தால் கிழிந்துபோகும்.

மண்ணைத் தாண்டிய பிறகு

வெளிச்சத்துக்கு வந்த ஈ உடனே பறக்காது. சாம்பல் வெளுப்பாக, நோய் பிடித்த ஈ மாதிரி, வேகமாக ஓடும். உயரமான எதையாவது கண்டால் ஏறும். வீட்டில் எப்போதாவது சுவரோரம் பறக்காமல் ஓடும் மங்கலான ஈயைப் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் இந்த வயதில் இருப்பது. எண்ணி நிமிடக் கணக்கு வயது.

வசதியான இடம் கிடைத்ததும் நின்றுவிடும். இப்போது இன்னொரு பம்பு வேலைக்கு வருகிறது. தொண்டைத் தசைகள் காற்றை விழுங்கி வயிற்றை நிரப்புகின்றன. வயிற்றுச் சுவர்த் தசைகள் இறுகி அழுத்தத்தைக் கூட்டுகின்றன. இரத்தம் இறக்கையின் மடிப்புகளுக்குள் பாய்ந்து, அவை பிரிந்து தட்டையாகின்றன. அதே நேரத்தில் பர்சிகான் என்ற ஹார்மோன் மேல்தோலை முதலில் இளக்கி, பிறகு இறுக்கிக் கறுக்க வைக்கிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கை விரிந்துவிடும். உடல் முழுதாக இறுகி நிறம் ஏற இன்னும் பல மணி நேரம் பிடிக்கும்.

மண்ணுக்குள் சிக்கிக்கொண்ட ஈ இந்த இரண்டாம் கட்டத்தைத் தொடங்குவதே இல்லை. தோண்டிக்கொண்டே இருக்கும்வரை பர்சிகான் வெளியாவதைத் தள்ளிப்போடும். உடல் மெத்தென்றே இருக்கும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் பாதி வழியில் இறுகிப்போய் அங்கேயே புதைந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் ஃப்ரேங்கெலும் வேறு சிலரும் நீல ஈக்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். வெளிவந்த ஈயின் கழுத்தை உடனே கட்டினால் உடல் வெளுப்பாகவே கிடக்கிறது. இறுகச் சொல்லும் சேதி மூளையிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

நெற்றிப்பை கடைசியாக ஒருமுறை உள்ளே இழுக்கப்படுகிறது. மேல்தோல் இறுக, வாசல் நிரந்தரமாக மூடிக்கொள்கிறது. அதன் தழும்பு மட்டும் சாகும்வரை இருக்கும். செத்த வீட்டு ஈ ஒன்றை எடுத்து, கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கும் வில்லையை மாட்டி முகத்தைப் பாருங்கள். உணர்கொம்புகளுக்கு மேலே, கவிழ்த்த குதிரை லாடம் மாதிரி ஒரு கோடு தெரியும். பூச்சியியலில் ஒரு பெரிய ஈக் கூட்டத்தையே இந்தக் கோட்டை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

அடுத்து நடப்பது கொஞ்சம் இரக்கமற்றது. வேலை முடிந்த தசைகளை உடல் வைத்துக்கொள்வதில்லை. டிரோசோஃபிலாவில், வயிற்றின் அந்தத் தனித் தசைகளும் நெற்றிப்பையின் தசைகளும் வெளிவந்த 12 மணி நேரத்துக்குள் சிதைந்து காணாமல்போகின்றன. அவற்றை இயக்கிய நரம்புச் செல்களில் பலவும் கூடவே இறக்கின்றன. காயத்தால் வரும் சாவு அல்ல. உடலே நேரம் குறித்து நடத்துவது. திட்டமிட்ட செல் மரணம் என்ற பெயரே 1960களில், பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி வெளிவந்ததும் அதன் வயிற்றுத் தசைகள் கரைவதை ஆராய்ந்த லாக்‌ஷினும் வில்லியம்ஸும் வைத்தது. இன்று புற்றுநோய்ப் பாடத்தில் வரும் அந்தச் சொல்லுக்கு ஊற்று, ஒரு பூச்சி சட்டை கழற்றும் தசை.

விடியலுக்காகக் காத்திருப்பது

எல்லாம் ஆயத்தமாகிவிட்டால் உடனே வெளியே வரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி இல்லை. பழ ஈ, டிரோசோஃபிலா போன்றவை பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும். நள்ளிரவில் ஆயத்தமான ஈ விடியும்வரை காத்திருக்கும்; காலை வாய்ப்பைத் தவறவிட்டது மறுநாள் காலைவரை பொறுத்திருக்கும். அதிகாலையில் காற்றில் ஈரம் அதிகம்; மெத்தென்ற உடலும் மடிந்த இறக்கையும் காய்ந்துபோகாமல் வேலையை முடிக்க அது உதவும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

உடலுக்குள் இருந்து நாளைக் கணக்கிடும் உயிர்க் கடிகாரத்தின் மரபணுவைக் கண்டுபிடிக்கவும் இந்த வெளிவரும் நேரம்தான் வழி காட்டியது. 1971இல் கொனோப்காவும் பென்சரும், தவறான நேரத்தில் கூட்டைவிட்டு வரும் டிரோசோஃபிலாக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு வகைக்கு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு ஒழுங்கே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில். அந்த மரபணுவைத் தொடர்ந்து போன ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எல்லா ஈயும் இப்படித்தானா என்றால், இல்லை. கொசுவும் ஈயின் சொந்தம்தான், ஆனால் அதற்கு நெற்றிப்பை கிடையாது. நீர்மட்டத்தில் மிதந்தபடி காற்றை விழுங்கி, முதுகுப் பக்கம் தோல் பிளக்க வெளிவருகிறது. சமையலறைக் கழிவைத் தின்னக் கொடுத்து வளர்க்கும் கறுப்புப் படைவீரன் ஈக்கும் அந்தப் பை இல்லை. வீட்டு ஈ, நீல ஈ, பழ ஈ, டிரோசோஃபிலா ஆகியவற்றுக்கு உண்டு.

போத்தலில் வைத்துப் பார்க்க

பள்ளி அறிவியல் விழாவுக்கு இதைவிட மலிவான காட்சி கிடைப்பது அரிது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று, கட்டட வேலைக்குச் சலித்த மெல்லிய மணல், ஒரு துண்டு வலைத்துணி போதும். மணலைக் கழுவி, ஈரப்படுத்துங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. போத்தலில் 3 செ.மீ. மணல், அதன்மேல் புழு உள்ள கொய்யாவை ஒரு கம்பி வலையில் தாங்கி வையுங்கள். முதிர்ந்த புழுக்கள் பழத்தைவிட்டு வெளியே துள்ளி விழுந்து மணலுக்குள் போய்விடும். புழு இறங்கி முடிந்ததும் பழத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழச்சாறு மணலை நனைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

எடுத்துப் பார்க்கும் ஆசையை முதல் சில நாள்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். தலை வெளியே பிதுங்கும் அந்தத் தொடக்க நேரத்தில் கூட்டைச் சல்லடையில் போட்டுக் குலுக்கினால், உருவாகிக்கொண்டிருக்கும் பறக்கும் தசைகள் கெட்டுவிடும். ஈ வெளியே வரும், இறக்கை தொங்கிப் பறக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். பழ ஈக்களை லட்சக்கணக்கில் வளர்க்கும் கூடங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

ஏழெட்டு நாள் கழிந்ததும் கூடுகளில் இருபதை மெல்ல எடுத்து, கண்ணாடியை ஒட்டி வரும்படி வைத்து, மேலே 2 செ.மீ. மணல் தூவுங்கள். நம் ஊர்ச் சூட்டில் பழ ஈ கூட்டில் இருப்பது 9 முதல் 11 நாள்கள் வரை. வீட்டு ஈ ஒரு வாரத்துக்குள்ளேயே வந்துவிடும். விளக்குமாற்று ஈர்க்குச்சி இரண்டை மணலில் செங்குத்தாக நட்டுவையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். காலை ஏழு மணியிலிருந்து கண்ணாடி ஓரத்தைப் பாருங்கள்: மணலுக்குள் வெளுத்த ஒரு குமிழ் புடைத்துச் சுருங்குவது தெரியும். அதுதான் நெற்றிப்பை. பார்த்து முடிந்தபின் போத்தலை மூடி ஓர் இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பழ ஈயைத் திறந்துவிடுவது அக்கம்பக்கத்து மாமரத்துக்குச் செய்யும் துரோகம்.

பிறகு மணலைச் சலித்து மிச்சத்தை எண்ணுங்கள். மிச்சம் நிறையச் சொல்லும். முன்முனை மூடி கழன்று, உள்ளே வெறுமையாக இருந்தால் ஈ ஒழுங்காக வெளிவந்தது. மூடி அப்படியே இருக்க, பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு வட்டத் துளை இருந்தால் அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. கோழி எருவில் வீட்டு ஈக் கூடுகளை வளர்த்தால் இதை அடிக்கடி காணலாம். குளவிக்குத் தாடை உண்டு, அதனால் அது கடித்துத் துளைக்கிறது. துளையே இல்லாத கூட்டை நகத்தால் உடைத்துப் பாருங்கள். பொடியாக இருந்தால் காய்ந்து செத்தது, அழுகிப் பூஞ்சை படர்ந்திருந்தால் ஈரம் அதிகமானது.

தலை மட்டும் வெளியே நீட்டியபடி செத்த ஈக்கள்தான் தசைப் பாடத்துக்கு நல்ல உதாரணம். மணல் காய்ந்துபோனால் ஈயின் உடல் நீர் குறையும். பிழிய இரத்தம் போதவில்லை என்றால் வயிறு எவ்வளவு இறுகினாலும் பயன் இல்லை. தண்ணீர் குறைந்த கையுறையைப் பிழிந்து பாருங்கள், விரல் பாதிதான் நிமிரும். பழத்தில் நெருக்கடியாக வளர்ந்து, தீனி போதாமல் சிறுத்த புழுக்களிடமும் இதே கதி. முழுதாக வெளிவந்தும் இறக்கை கசங்கியே இறுகியிருந்தால், விரிக்கும் நேரத்தில் ஏறி நிற்க இடம் கிடைக்கவில்லை அல்லது நெரிசலில் மற்ற ஈக்கள் மிதித்துவிட்டன. ஈர்க்குச்சி நடச் சொன்னது இதற்காகத்தான். ஒருமுறை இறுகிய இறக்கையை எந்தத் தசையாலும் மறுபடி விரிக்க முடியாது.

ஈயின் இனப்பெருக்கத்தைக் கெடுக்க மலட்டு ஈக்களை வளர்த்துக் காட்டில் விடும் திட்டங்களில் இந்த எண்ணிக்கையை ஒரு முறைப்படியே எடுக்கிறார்கள். 100 கூடுகளை 10 செ.மீ. உயரமுள்ள கறுப்புக் குழாய்க்குள் வைப்பார்கள். உள்சுவரில் டால்க் பவுடர் பூசியிருப்பதால் ஏறி வர முடியாது. பறந்துதான் தப்ப வேண்டும். குழாய்க்குள் மிஞ்சியவற்றை வராதவை, பாதியில் சிக்கியவை, உருக்கெட்டவை, பறக்காதவை என்று பிரித்து எண்ணுவார்கள். மாட்டுப் புண்ணில் புழு வைக்கும் ஈயை இப்படி மலட்டு ஈயால் ஒழிக்க முடியுமா என்று பார்க்க, 1990களில் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் சேர்ந்து நடத்திய முயற்சிக்கு இடமானது குளுவாங் கால்நடை நிலையம்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்த ஈயின் புழுவும் முதிர்ந்ததும் புண்ணிலிருந்து தரையில் விழுந்து, மண்ணுக்குள் போய்த்தான் கூடாகிறது. மருந்து போட்டுப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது புழுக்களைக் கீழே தட்டிவிட்டால், கொட்டகைத் தரையிலேயே அடுத்த தலைமுறைக்கு விதை போட்டது மாதிரி. ஒரு டின்னில் பிடித்துக் கொதிநீர் ஊற்றிவிடுங்கள்.

மறுபடி அந்தக் குழிக்கு

இப்போது கொய்யா மரத்தடிக் குழி ஏன் தோற்றது என்று சொல்லிவிடலாம். நெற்றிப்பை மண்ணை உடைப்பதில்லை, ஒதுக்குகிறது. ஒதுங்க இடம் உள்ள பொலபொல மண் அதற்குச் சுலபம். குப்பைமேடுகளுக்காகச் செய்த அமெரிக்க ஆய்வுகள் இதை அளந்து காட்டியிருக்கின்றன: இறுக்காமல் கொட்டிய மண் ஒன்றரை மீட்டர் கனம் இருந்தும் ஈக்கள் மேலே வந்துவிட்டன, நன்றாக இறுக்கிய மண் 15 செ.மீ. இருந்தாலே பெரும்பாலும் தடுத்துவிட்டது. மண்ணின் கனத்தைவிட இறுக்கம்தான் முக்கியம். துகள்களுக்கு நடுவே இடைவெளி இல்லாதபோது, பை எவ்வளவு புடைத்தாலும் மண் போக இடமில்லை.

ஆகவே புதைப்பதானால் அரை மீட்டர் ஆழம் வெட்டி, பழத்தைப் போட்டு, மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல் ஒரு சாணுக்கு ஒருமுறை மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். கடைசியில் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிவிடுங்கள். மழை பெய்து மண் உட்கார்ந்து வெடிப்பு விட்டால் மறுபடி மூட வேண்டும், ஈக்கு வெடிப்பு என்பது போட்டுவைத்த பாதை. கோழி எருச் சாக்கைக் காய்கறிப் பாத்தியில் கொட்டி மேலே மண்ணைத் தூவுவதும் இதே காரணத்தால் வீட்டு ஈயைத் தடுக்காது.

இவ்வளவு உழைப்புக்கு நேரம் இல்லாதவர்களுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பைதான் நல்லது. விழுந்த பழத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது பொறுக்குங்கள். அதற்குமேல் விட்டால் முதிர்ந்த புழு பழத்தைவிட்டு மண்ணுக்குப் போய்விட்டிருக்கும், நீங்கள் பொறுக்குவது வெறும் பழமாக இருக்கும். பையை இறுகக் கட்டி, சிமெண்டுத் தரையில் நேர் வெயில் படும்படி ஒரு வாரம் போடுங்கள். சூட்டில் புழு வெந்துவிடும். ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது, அப்போது மூன்று வாரம் கட்டியபடியே இருக்கட்டும். பையில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் முதலில் தூக்கிப் பாருங்கள். இறுகி முதிர்ந்த ஈ நுழைய முடியாத சின்னக் கிழிசலிலும், அன்று காலை வெளிவந்த மெத்தென்ற ஈ உடலைப் பிதுக்கிக்கொண்டு தப்பிவிடும்.